காசிக்குப் போன குடை

ஒரு சிறுகதையால் ஒரு கல்யாணம் நின்றுபோகும் என்று நான் நம்பினேன். நம்பினேன் என்றால் சும்மா பேச்சுக்கு இல்லை. தூக்கம் கெட்டு, டெல்லி வரைக்கும் ரயிலில் போய் நம்பினேன். ஐம்பதை நெருங்குகிற ஆள். கும்பகோணத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் உத்தியோகம். அடுத்தவர்களுக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று யோசிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். ஆபீஸில் செய்வதோடு நிறுத்தாமல் அதை வீட்டிலும் ஓவர்டைம் பார்க்கிறேன் என்பாள் என் மனைவி கோமதி.

கல்யாணம் என் அக்கா லலிதாவின் பெண் மாலினிக்கு. மாலு டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகள் படித்ததால் எழுத்துக் கூட்டத் தெரியும். அதற்கு மேல் தமிழ் அவளுக்கு ரசம் கேட்கவும் சண்டை போடவும் மட்டும்தான். பதினாலு வயதில் ஒரு கோடை விடுமுறைக்குக் கும்பகோணம் வந்தாள். கரண்ட் இல்லாத மத்தியானங்கள். "மாமா, போர் அடிக்கறது" என்று மூச்சுக்கு ஒரு தரம். அவள் வாயை அடைக்க அலமாரியில் கைக்குக் கிடைத்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். கைக்குக் கிடைத்தது சண்டைக்காரர் புத்தகம்.

சண்டைக்காரர் என்பது எங்கள் வீட்டில் அந்த எழுத்தாளருக்கு வைத்த பெயர். நிஜப் பெயரை எழுதினால் அவருடைய வாசகர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். மிச்சம் இருக்கிற நாலைந்து பேரும் நல்ல திடகாத்திரமானவர்கள். சாமி, சாதி, சம்பந்தி, சர்க்கார் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தவர். அவரை நான் ஒரே ஒரு தரம் நேரில் பார்த்திருக்கிறேன். காபி ஆறிப்போயிருந்ததற்காக ஓட்டல் முதலாளியைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டிருந்தார். சூடான காபி வந்தது. அதை ஆறவைத்துக் குடித்தார்.

மாலு படித்த கதை இதுதான். எங்கள் கல்யாணங்களில் காசி யாத்திரை என்று ஒரு சடங்கு உண்டு. முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை குடை, கைத்தடி, விசிறியோடு "எனக்குக் கல்யாணம் வேண்டாம், சந்நியாசியாகக் காசிக்குப் போகிறேன்" என்று கிளம்புவான். பெண்வீட்டார் ஓடிப்போய்த் தடுத்து, பெண் தருகிறோம் வாருங்கள் என்று அழைத்து வருவார்கள். அவன் வாசலைத் தாண்டமாட்டான் என்பது நாகஸ்வரக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். சண்டைக்காரர் கதையில் மாப்பிள்ளை நாலு எட்டு வைத்துத் திரும்புகிற நேரம், கல்யாணப் பெண் வந்து அவன் கையிலிருந்து குடையை வாங்கிக்கொண்டு நிஜமாகவே ஸ்டேஷனுக்கு நடந்துவிடுகிறாள். அவ்வளவுதான் கதை.

எழுத்துக் கூட்டிக் கூட்டி அதை முடிக்க அவளுக்கு அந்த லீவு முழுக்க ஆயிற்று. முடித்த அன்று ராத்திரி சாப்பாட்டில் வாயைத் திறக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஊருக்குக் கிளம்பும்போது புத்தகத்தைக் கேட்டாள். தாராளமாகக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு டெல்லியிலிருந்து வந்த ஒவ்வொரு புகாருக்கும் அக்கா என்னையே பொறுப்பாளியாக்கினாள். வீட்டுக்கு வந்த சாஸ்திரிகளிடம் மாலு குறுக்குக் கேள்வி கேட்டாள்: நான் கொடுத்த புத்தகம். பாங்கு வேலை வேண்டாம், பத்திரிகைக்குப் போகிறேன் என்றாள்: நான் கொடுத்த புத்தகம். பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொன்னபோது, "பாடறேன், அதுக்குள்ள மாப்பிள்ளை எல்லாருக்கும் காபி போட்டுக் கொண்டு வரட்டும்" என்றாள். வந்த மூன்று பையன்களில் இரண்டு பேர் சிரித்து மழுப்பினார்கள். மூன்றாமவன் கார்த்திக், குர்காவ்ன் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டான்.

"காபி கேவலமா இருந்தது மாமா" என்றாள் மாலு போனில். "ஆனா போட்டான்."

தை மாதம் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஒரு வாரம் முன்னதாகவே அக்கா போன் பண்ணினாள்.

"டேய் சேகர், நீ முன்னாடியே வந்துடு. அவ ரொம்ப சமத்தா இருக்கா. எனக்கு பயமா இருக்கு."

"சமத்தா இருந்தா என்னக்கா பயம்?"

"இருபத்தாறு வருஷமா இல்லாத சமத்துடா. அந்தக் கதைல மாதிரி ஏதாவது பண்ணி வெச்சா என்னால தாங்க முடியாது. அவர் இருந்தாலாவது..." என்று நிறுத்திக்கொண்டாள். அத்திம்பேர் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. மத்திய சர்க்கார் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பு.

அப்பா இல்லாத பெண் என்பதால் கன்யாதானம் பண்ணவேண்டியவர்கள் தாய்மாமனான நானும் கோமதியும். அதாவது கல்யாணம் நின்றால் மேடையில் நடுநாயகமாக முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போவது நான்.

இப்படியாக, டெல்லி என்கிற பாஸ்போர்ட் கேட்காத வெளிநாட்டுக்குக் கிளம்பினோம். காசி யாத்திரைக்கான குடையும் என் பொறுப்பு. வளைந்த பிடியோடு நீளக் கறுப்புக் குடை டெல்லியில் குளிர்காலத்தில் கிடைக்காது என்று அக்கா சொல்லியிருந்தாள். நாக்பூர் தாண்டியதிலிருந்து கம்பார்ட்மென்டில் ஏறியவர்கள் எல்லாரும் குடையைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்கள். ஒருவர் ஹிந்தியில் கேட்டார், "மதராஸில் ஜனவரியிலும் மழையா?" கோமதி பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

டெல்லியில் இறங்கியபோது டெல்லியைக் காணவில்லை. பனி. ஆட்டோவின் முன் சக்கரம் கூடத் தெரியவில்லை. ஓட்டுகிறவர் தலையை வெளியே நீட்டி, முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். "அந்த பஸ் நம்ம இடத்துக்குத்தான் போகிறதா?" என்று என் சர்க்கார் பாடப்புத்தக ஹிந்தியில் கேட்டேன். "போகவில்லை என்றால் திரும்பிவிடலாம்" என்றார். பஸ் ஒரு டிப்போவுக்குள் போயிற்று. நாங்களும் போனோம். அங்கே நல்ல இஞ்சி டீ கிடைத்தது.

முனிர்காவில் அக்கா வீடு. மாலு வாசலிலேயே கட்டிக்கொண்டாள். "அச்சா, குடை வந்தாச்சு. மாமா, நீங்களும் வந்தேளா?" என்றாள். என் கையிலிருந்து குடையை வாங்கி, விரித்து, சுற்றிப் பார்த்தாள். "ஸாலிட் பீஸ்" என்றாள்.

அன்று ராத்திரி குடையை எங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். கோமதி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எதுக்கு?"

"பத்திரமா இருக்கட்டும்னு."

"இந்த ஊர்ல யாரும் குடை திருடமாட்டா. இது எதுக்குன்னே அவாளுக்குத் தெரியாது" என்று ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மறுநாள் ஐ.என்.ஏ. மார்க்கெட். வாழையிலை, தேங்காய், வெற்றிலை, அப்பளம் எல்லாம் அங்கேதான். கும்பகோணத்தில் மாடு தின்னுகிற வாழையிலையை இங்கே கடைக்காரர் பட்டுப்புடவை மாதிரி ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். ஒரு பக்கம் முருங்கைக்காய், எதிரே மீன், நடுவில் ஒரு பஞ்சாபி அம்மாள் எங்கள் ஊர்ச் சேப்பங்கிழங்கைத் தூக்கி "இதை என்ன செய்வீர்கள்?" என்று மாலுவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். மாலு ஹிந்தியில் செய்முறை சொன்னாள். தப்பாகச் சொன்னாள். அந்த அம்மாளின் வீட்டில் அன்றைக்கு என்ன ஆயிற்றோ தெரியாது.

முகூர்த்தத்தில் கன்யாதானம் பண்ணுகிறவர் நெல் மூட்டைமேல் உட்கார்ந்து பெண்ணை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நெல்லுக்கு டெல்லியில் எங்கே போவது? பாஸ்மதி அரிசி மூட்டை ஒன்று பேசி முடித்தோம். "மாமா, என் வெயிட் தாங்குவேளா?" என்றாள் மாலு. "தாங்கறது இருக்கட்டும், நீ வந்து உக்காருவியா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அப்பறமா கேக்கறேன்" என்றாள்.

இந்த "அப்பறமா" இருக்கிறதே, ஆபீஸில் இதைச் சொல்லிவிட்டுப் போனவர்கள் ஒருத்தரும் நல்ல செய்தியோடு திரும்பி வந்ததில்லை.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் மாலு ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நிறுத்தி யாருக்கோ போன் போட்டாள். நான் தேங்காய் மூட்டையோடு வெளியே நின்றேன். கண்ணாடிக் கதவு சரியாக மூடவில்லை. ஹிந்திதான், ஆனால் எனக்கே புரிகிற ஹிந்தி. "ஆமாம், பனாரஸ். காலை வண்டி. லோயர் பெர்த் கண்டிப்பாக வேண்டும். வீட்டில் யாரிடமும் சொல்லவேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்."

பனாரஸ் என்றால் காசி. இதைக்கூடவா எனக்குத் தெரியாது. ஒரு தேங்காய் கைநழுவி உருண்டு போயிற்று. நான் துரத்தவில்லை.

கோமதியிடம் சொன்னேன். "லோயர் பெர்த் கேட்டிருக்கா. ஓடிப்போறவ யாராவது லோயர் பெர்த் கேப்பாளா?" என்றாள். பெண்களுக்கு ஆபத்தின் நுணுக்கம் தெரிவதில்லை என்று அப்போது நினைத்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் புசா ரோடு பக்கத்தில் ஒரு மண்டபத்துக்குக் குடிபெயர்ந்தோம். மாப்பிள்ளை அழைப்பு. கார்த்திக்கின் ஆபீஸ் நண்பர்கள் எல்லாம் பஞ்சாபிப் பையன்கள். குதிரை எங்கே, குதிரை எங்கே என்று தேடினார்கள். குதிரை இல்லை, கார்தான் என்றதும் முகம் வாடிப்போய், சரி என்று நாகஸ்வரத்துக்கு முன்னால் ஆட ஆரம்பித்தார்கள். வித்வான் முதலில் முறைத்தார். இரண்டு கீர்த்தனை அளவுக்குப் பொறுத்தார். அப்புறம் தவில்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அதன்பிறகு வாசித்தது எந்தத் தாளத்திலும் சேராது. என் சித்தப்பா பிள்ளை ஒருத்தன்கூட ஆடினான், இடுப்பு வலிக்குக் கட்டிய பெல்ட்டோடு.

அக்கா எங்கே என்று தேடினேன். சமையல்காரர்கள் இருக்கும் பின்கட்டில், காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"முன்னாடி வாயேன்கா."

"நாளைக்கும் இங்கதான். நல்ல காரியம் நடக்கற இடத்துல நான் எதுக்கு? நாலு பேர் நாலு சொல்லுவா. இந்தக் கதவு வழியா நன்னாத் தெரியறது. நீ அவளைப் பாத்துக்கோ, போ." அவள் கவலை அவளுக்கு, என் கவலை எனக்கு. பாத்துக்கோ என்றதை மட்டும் வேத வாக்காக எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் விடியவில்லை, விழித்துவிட்டேன். குளித்து, பஞ்சகச்சம் கட்டி, பட்டையாக விபூதி இட்டு, குளிருக்கு மேலே மங்கி குல்லாவும் மாட்டிக்கொண்டு, மணப்பெண் அறைப்பக்கம் சும்மா ஒரு நடை போனேன். கதவு திறந்திருந்தது. கட்டில் காலி. மூலையில் இருந்த அவளுடைய சிவப்புப் பையைக் காணோம். வாசலில் காவல்காரர் குமுட்டி அடுப்பில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

"பெண் போய்விட்டாளே" என்றார் சாதாரணமாக. "பையோடு. ஆட்டோவில்."

"எங்கே?"

"நான் என்ன கேட்பது? சிரித்துக்கொண்டே போனாள்."

சிரித்துக்கொண்டே. கதையிலும் அவள் சிரித்துக்கொண்டேதான் போவாள்.

யாரையாவது எழுப்பியிருக்கலாம். இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றியதெல்லாம், ஒருத்தருக்கும் தெரியாமல் ஸ்டேஷனில் பிடித்து, நல்ல வார்த்தை சொல்லி, காசி யாத்திரை நேரத்துக்குள் கூட்டி வந்துவிட்டால், இந்த ரகசியம் என்னோடு போகும் என்பதுதான். ஆட்டோவில் ஏறிப் பாதி வழியில்தான் கவனித்தேன்: கையில் குடை. ராத்திரி பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கியதை அப்படியே கையோடு எடுத்து வந்திருக்கிறேன்.

புது டெல்லி ஸ்டேஷனில் பனியால் எல்லா வண்டியும் லேட். முந்தின நாள் போகவேண்டியதெல்லாம் அப்போதுதான் போய்க்கொண்டிருந்தது. பனாரஸ் போகிற வண்டி பிளாட்பாரத்தில் நின்றது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு ஓடினேன். வழியில் எல்லாரும் எனக்கு ஒதுங்கி இடம் விட்டார்கள். முன்னால் ஒரு பெண், மாலு உயரம், சிவப்புப் பை, ஒரு பெட்டியில் ஏறினாள். நானும் ஏறினேன். "மாலு" என்று கத்தினேன். அவள் திரும்பினாள். அலகாபாத்தில் படிக்கிற பெண்ணாம். ரொம்ப மரியாதையாக, "யாரைத் தேடுகிறீர்கள் அங்கிள்?" என்றாள்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது பிளாட்பாரம் நகர்ந்துகொண்டிருந்தது.

குதித்திருக்கலாம் என்பார்கள். பஞ்சகச்சத்தில் குதித்தவர்கள் சொல்லட்டும்.

"அடுத்த ஸ்டேஷன் எது?" என்றேன். "கான்பூர்" என்றார் ஒரு சர்தார்ஜி. அவரும் மனைவியும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். கான்பூர் என்றால் காசிக்குப் பாதி வழிக்கு மேல். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வருகிற மாதிரி இருந்ததால், என் அக்கா பெண் கல்யாணத்தன்று ஓடிப்போய்விட்டாள், இந்த வண்டியில்தான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்த எல்லா ஹிந்தியையும் செலவழித்துச் சொன்னேன்.

அவ்வளவுதான். பெட்டி முழுக்கக் கிளம்பிவிட்டது. அலகாபாத் பெண் முன்பக்கம் தேடப் போனாள். சர்தார்ஜி பின்பக்கம் போனார். மேல் பெர்த்திலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து, பையனுக்கு என்ன வேலை, நல்ல பையன்தானா, ஏன் ஓடினாள் என்று விசாரித்தார்கள். "ஒரு கதை படித்தாள்" என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

சர்தார்ஜியின் மனைவி மட்டும் அசையவில்லை. டிபன் டப்பாவைத் திறந்து, முள்ளங்கி பராட்டா, வெண்ணெய், மிளகாய் ஊறுகாய் எடுத்து என் மடியில் வைத்தாள். "ஓடினவள் ஓடினாள். நீ சாப்பிடு" என்றாள். சாப்பிட்டேன். கல்யாணம் நின்றுபோன துக்கத்தில் நாலு பராட்டா இறங்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முள்ளங்கியைச் சாம்பாரில் மட்டுமே போட்டு இத்தனை வருஷம் வீணாக்கியிருக்கிறோம்.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். பஞ்சகச்சம், விபூதி, குடை எல்லாவற்றையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். "காசிதானே?" என்றார் அன்பாக. "உங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் போகிறார்கள். டிக்கெட்?" இல்லை. "சந்நியாசியா?" இல்லை. சர்தார்ஜி என் கதையை என்னைவிட நன்றாக, நான் சொல்லாத சில விவரங்களையும் சேர்த்துச் சொன்னார். பரிசோதகர் அபராதத்தை எழுதிக்கொண்டே, "வண்டியில் அப்படிப் பெண் யாரும் இல்லை சார்" என்றார். "கல்யாணத்திலிருந்து ஓடிவந்த மாதிரி இருப்பவர் நீங்கள் ஒருத்தர்தான்."

கான்பூரில் இறங்கியபோது சாப்பாட்டு வேளை தாண்டியிருந்தது. மொத்தப் பெட்டியும் ஜன்னலில் நின்று கையசைத்தது. பிளாட்பாரத்தில் போன் பூத். மண்டபத்து நம்பரைப் போட்டுவிட்டு, அக்காவிடம் என்ன சொல்லி எப்படி அழுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். யாரோ எடுத்தார்கள். யாரையோ கூப்பிட்டார்கள்.

"ஹலோ, மாமா? கஹான் ஹோ ஆப்? எங்க இருக்கேள்?" மாலு.

"கான்பூர்" என்றேன்.

"கான்பூரா? என்ன பண்றேள் அங்க?"

"உன்னைத் தேடிண்டு வந்தேன்."

"நான் பார்லருக்குப் போயிருந்தேன் மாமா. மேக்கப்புக்கு, புடவை நகையெல்லாம் எடுத்துண்டு. இங்க எல்லாப் பொண்ணும் போவா."

"அப்ப பனாரஸ் டிக்கெட்?"

"அது கார்த்திக்கோட பெரியத்தைக்கு. அவா நாளைக்குக் காசி போறா. ஸர்ப்ரைஸா அவன் குடுக்கணும்னான். முட்டிவலி, அதான் லோயர் பெர்த்." தெற்கேயிருந்து டெல்லிக் கல்யாணத்துக்கு வருகிற எந்தச் சொந்தமும் காசியைப் பார்க்காமல் திரும்பாது. இது எனக்குத் தெரியும். நானும் கோமதியுமே போவதாக இருந்தோம்.

"கல்யாணம்?" என்றேன்.

"ஆச்சு."

"ஆச்சா? கன்யாதானம் யார் பண்ணினா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். பூத்தின் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. மாலு சொன்னாள்.

காசி யாத்திரைக்குக் குடை இல்லை. யாருடைய ஹாண்ட்பேகிலிருந்தோ பூப்போட்ட மடக்குக் குடை ஒன்றை வாங்கிக் கார்த்திக் கிளம்பினான். தடுத்து அழைத்துவர வேண்டியவன் நான். நான் காசி வண்டியில். நீ போ, நான் போ என்று இவர்கள் பேசிக்கொண்டிருந்ததில் கார்த்திக் நடந்துகொண்டே இருந்திருக்கிறான். தடுக்காமல் எப்படித் திரும்புவது என்று அவனுக்குத் தெரியவில்லை. வாசல் தாண்டி, தெருமுனைப் பான் கடை வரைக்கும் போய்ப் பனியில் மறைந்துவிட்டான். பின்கட்டுக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவால் பொறுக்க முடியவில்லை. "யாராவது போங்கோளேன்" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, கையில் கரண்டியோடு தானே தெருவில் ஓடியிருக்கிறாள். "மாப்ளே, நில்லுங்கோ. எங்காத்துப் பொண்ணைத் தரோம். வாங்கோ உள்ள" என்று கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டாள். கூட்டம் முழுக்க வாசலில் நின்று பார்த்தது.

"உள்ள வந்ததும் அம்மா மறுபடியும் கிச்சனுக்குப் போகப் பாத்தா. நான் கையைப் பிடிச்சேன், விடலை. மாமா இல்லேன்னா அம்மாதான், வேற யார் மடிலயும் உக்காரமாட்டேன்னு சொன்னேன். ரெண்டு மூணு பெரியவா ஏதோ ஆரம்பிச்சா. மந்திரம் சொல்ற வாத்தியாருக்கு அடுத்த கல்யாணம் ஜனக்புரில. வாட்சைப் பாத்தார். 'அம்மாவே பண்ணட்டும், ஜல்தி ஜல்தி'ன்னுட்டார்."

"அக்கா என்ன பண்ணினா?"

"அழுதா. அப்பறம் பாஸ்மதி மூட்டைமேல உக்காந்தா. மாமா, இதைத்தான் உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். நீங்க கொஞ்சம் விலகிக்கறேளா, அம்மா பண்ணட்டுமான்னு. பார்லர்லேர்ந்து வந்து கேக்கலாம்னு பாத்தா நீங்க இல்லை."

"அந்தக் கதை..." என்றேன். "குடை..."

"அந்தக் கதைல அவ ஏன் போறா மாமா? ஞாபகம் இருக்கா?"

இல்லை. இருபது தரமாவது படித்திருப்பேன். எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் குடைதான்.

"அவளோட அம்மாவை ஸ்டோர் ரூம்ல உக்கார வெச்சிருப்பா. புருஷன் போனவன்னு. அதான் முதல் பக்கம். எனக்கு அதை எழுத்துக் கூட்டிப் படிக்க ரெண்டு நாள் ஆச்சு. நீங்க வேகமாப் படிச்சிருப்பேள்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "சாப்ட்டேளா?" என்றாள்.

"பராட்டா" என்றேன்.

அடுத்து கோமதி போனை வாங்கினாள். "குடை உங்ககிட்டயா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "பத்திரமாக் கொண்டு வாங்கோ" என்று வைத்துவிட்டாள்.

திரும்பி வந்த வண்டி பனியில் நின்று நின்று, மறுநாள் மத்தியானம் டெல்லி சேர்ந்தது. முனிர்கா வீட்டில் அக்கா கதவைத் திறந்தாள். முந்தின நாள் ராத்திரி ரிசப்ஷனில் பஞ்சாபிப் பையன்கள் அவளையும் இழுத்து ஆடவைத்தார்களாம்; இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னை, குல்லாவை, கசங்கிய பஞ்சகச்சத்தை, குடையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று தயாராக நின்றேன்.

"ஏண்டா, கொடுத்தது நீதானே அந்தப் புஸ்தகத்தை" என்றாள். இத்தனை வருஷம் சொன்ன அதே வாக்கியம். தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "உள்ள வா, ரசம் சுடவெக்கறேன்" என்றாள்.

கல்யாணம் நிற்கவில்லை. கன்யாதானம் பண்ணியது என் அக்கா லலிதா. அந்த மண்டபத்திலிருந்து அன்றைக்குக் காசிக்குக் கிளம்பினது நான் ஒருத்தன்தான். அதுவும் கான்பூரோடு திரும்பிவிட்டேன்.